அவர் கடையில்தான் உட்காருவார்

தூத்துக்குடி
14.6.1998

ஸ்டெல்லாமேரி,

மாதா உன் கண்ணைத் திறக்கட்டும். வேறு வாழ்த்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை நான் சொல்லாமல் கொள்ளாமல் கோவில்பட்டிக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. சொல்லியிருந்தால் என் தம்பியைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி வீட்டுக்குள் வைத்திருப்பாய். வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. மெயின் ரோட்டில் அவனுடைய சைக்கிள் கடை வாசலில், நாற்காலியோடு சேர்த்து வேட்டியால் கட்டி ஆசீர்வாதத்தை உட்கார வைத்திருக்கிறாய்! வாய் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. வாடகை சைக்கிளுக்கு வருகிற பயல்கள் அவனை உற்று உற்றுப் பார்க்கிறான்கள். நீ கையெல்லாம் கிரீசோடு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மைனி, டீ சொல்லட்டா?" என்கிறாய். அந்த ரோட்டிலேயே என் உயிர் பாதி போய்விட்டது.

பிப்ரவரியில் அவனுக்குக் கையும் காலும் விழுந்ததிலிருந்து நீ ஒரே பாட்டைத்தான் பாடுகிறாய். வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது என்று. நானும் நம்பினேன். நீ டீ சொல்லப் போன நேரத்தில் என் செபமாலையை அவன் கையில் வைத்தேன். நான் தொடங்கியதும் அவன் பிடித்துக்கொண்டான். மாதாவின் பிரியதத்த மந்திரத்தை முழுசாகச் சொன்னான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. நீ கிளாசைத் தூக்கிக்கொண்டு வந்தாய், வாயை மூடிக்கொண்டான்.

இதற்கு என்ன அர்த்தம்? பேச்சு போகவில்லை ஸ்டெல்லா. உன்னோடு பேச அவனுக்கு மனசில்லை. அதைத்தான் நீ ஊர் முழுக்க ஊமை என்று சொல்லித் திரிகிறாய்.

எங்கள் அம்மா செத்தபோது அவன் பால்குடி மறந்த பிள்ளை. நான் பாவாடை கட்டுகிற வயசில் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். பிள்ளை குட்டி இருக்கிற வீடாக இருந்தால் அவனை இப்படி வேடிக்கைப் பொருளாக விட்டிருப்பார்களா? கார் பிடித்துக்கொண்டு வருவேன். அவன் துணிமணியை எடுத்து வை. இனி அவன் என் வீட்டில்தான் இருப்பான்.

வியாகுலம்

•

கோவில்பட்டி
20.6.98

மைனிக்கு,

என் கண்ணை மாதா திறக்க வேண்டியதில்லை, திறந்துதான் இருக்கிறது. உங்கள் தம்பியை எங்கேயும் அனுப்ப மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிவரை படித்துக் களைத்துப் போக வேண்டாம்.

செபம் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாரும் சொல்லும்போது அவரும் சொன்னார். நான் அங்கேயே பொத்தென்று உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து என்ன கேட்டாலும் அதே மந்திரம்தான் வந்தது. பாளையங்கோட்டையில் டாக்டரிடம் ஓடினேன். "சின்ன வயசுலேர்ந்து மனப்பாடமா வந்தது தனியா ஒரு இடத்துல தங்கியிருக்கும்மா. செபம் வரும், பாட்டு வரும், ஒண்ணு ரெண்டு எண்ணுவாரு. மனசுல நினைக்கிறதைச் சொல்லத்தான் வார்த்தை வராது" என்றார். நீங்கள் சொல்வதுபோல என்மேல் கோபத்தில் வாயை மூடியிருந்தால் நான் அவர் காலில் விழுந்து சமாதானம் செய்திருப்பேன். அது அத்தனை லேசான காரியம்.

கடைக்கு வருவோம். நீங்கள் சொன்னபடி, காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வீட்டுக்குள்தான் வைத்திருந்தேன். புறா ரத்தம் தடவினால் கை வந்துவிடும் என்று ஆளிடம் கொடுத்துவிட்டீர்களே, அதையும் தடவினேன். வீடு நாறியதுதான் மிச்சம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சோற்றைக் கொடுத்தால் துப்பினார். சாகத்தான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கடையைத் திறக்காவிட்டால் அடுப்பு எரியாது. அவரைத் தனியாக விடவும் முடியாது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கடைக்கே கொண்டுபோனேன். ஒருத்தன் பஞ்சர் என்று வந்து நின்றான். தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி நான் ஓட்டை தேடுகிறேன், தேடுகிறேன், அகப்படவில்லை. பின்னாலிருந்து ஒரு கை என் கையைப் படாரென்று தட்டிவிட்டது. உங்கள் தம்பிதான். பீச்சாங்கையால் டியூபைத் திருப்பி, கொப்புளம் வருகிற இடத்தை விரலால் அமுக்கிப் பிடித்தார். 'இது கூடத் தெரியாதா மூதி' என்கிற மாதிரி ஒரு முறைப்பு வேறு. மைனி, அந்த முறைப்புக்காக நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் தெரியுமா! அன்றைக்கு மத்தியானம் ஒரு தட்டுச் சோறு தின்றார்.

வேட்டியால் கட்டியிருப்பது, வலது பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்துவிடுவார் என்பதற்காக. வாய் ஒழுகினால் துடைக்கிறேன், மறுபடி ஒழுகுகிறது. பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். அறைக்குள் கிடந்து அழுகினால் அது மட்டும் மானமா?

பிள்ளையில்லாததைச் சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள். அது எனக்கும் உறைக்கும், உங்கள் தம்பிக்கும் உறைக்கும். உறைக்கட்டும் என்றுதானே எழுதினீர்கள்?

அவர் கடையில்தான் உட்காருவார்.

ஸ்டெல்லாமேரி

•

தூத்துக்குடி
4.7.1998

ஸ்டெல்லாமேரி,

பதறாதே. ஆசீர்வாதம் என் வீட்டில் சுகமாக இருக்கிறான். நீ டயர் வாங்க மதுரைக்குப் போன நாளில் நான் கார் கொண்டுவந்தது தற்செயல்தான், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. பக்கத்து டீக்கடை வெயிலம்மாள், "அவ வரட்டும்மா, ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று மறித்தாள். "கூடப் பிறந்தவளுக்கு எவ உத்தரவு குடுக்கணும்?" என்று கேட்டேன். டிரைவரும் நானும் பிடித்து ஏற்றினோம்.

முன்னறையில் கட்டில் போட்டு ஜன்னலுக்குத் திரை கட்டியிருக்கிறேன். வேளைக்கு சூப்பு, இடியாப்பம். அவன் ஒரு வேலையும் செய்ய வேண்டாம், யாரும் அவனை வேடிக்கை பார்க்க வேண்டாம். நீ சாதாரணமாக நினைத்த செபத்தை என் வீட்டில் வந்து கேள். விடிந்ததும் அவனே ஆரம்பித்துவிடுகிறான். நானும் உடனே முழங்காலில் நின்று கூடவே சொல்கிறேன். கண்ணில் நீர் வழிய, உடம்பெல்லாம் நடுங்க அப்படி ஒரு பக்தி! நான்கைந்து மந்திரம் முடிவதற்குள் படுக்கையை நனைத்துவிடுகிறான் என்பது ஒன்றுதான் குறை. அது நீ பழக்கிய பழக்கம். போகப் போகச் சரியாகிவிடும்.

எங்கள் செபக்கூட்டத்துப் பிரதர் வந்து கேட்டார். மெய்சிலிர்த்துப் போனார். மாதா திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் கூட்டம் இருக்கிறது. அன்றைக்கு மேடையில் ஆசீர்வாதத்தைச் சாட்சி சொல்ல நிறுத்துகிறோம். ஊமையாகக் கிடந்தவன் வாய் திறந்ததை ஆயிரம் பேர் கேட்கட்டும். நீயும் வா. வந்து முன்வரிசையில் உட்கார்.

அவன் சோற்றை விழுங்காமல் ஒரு பக்கமாகவே வைத்துக்கொள்கிறான். அது எதனால்? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பாயா, பின்னாலா? தெரியாமல் கேட்கவில்லை, சரிபார்த்துக்கொள்ளத்தான்.

வியாகுலம்

•

கோவில்பட்டி
8.7.98

மைனிக்கு,

மதுரையிலிருந்து வந்து இறங்கினேன். நாற்காலி காலியாகக் கிடந்தது. வேட்டியை மடித்து அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், ரொம்பச் சீராக. வெயிலம்மாள் அக்கா என் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதது. நான் அழவில்லை. கெட்ட கெட்ட வார்த்தையாக ஏசினேன், ரோட்டில் நின்று, உங்களைத்தான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. அதனால் இதை ஒழுங்காகப் படியுங்கள்.

விடிந்ததும் அவர் சொல்வது செபம் இல்லை. ஒன்றுக்கு வருகிறது என்று கூப்பிடுகிறார். அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை மைனி! இருக்கிற ஒன்றை வைத்துத்தான் உங்களைக் கூப்பிடுகிறார். நீங்கள் முழங்கால் போட்டுக் கூடவே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அடக்க முடியாமல்தான் நடுங்குகிறார், மானம் போகிறதே என்றுதான் அழுகிறார். நாளைக்கு அவர் ஆரம்பித்ததும் எழுந்து டப்பாவை எடுங்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சோறு வலது கன்னத்தில் தங்கும். அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி இல்லை, வாயில் சோறு இருப்பதே தெரியாது. விரலை விட்டு வழித்து எடுங்கள், இல்லாவிட்டால் படுத்ததும் மூச்சில் ஏறிவிடும். சூப்பு தண்ணியாகக் கொடுக்காதீர்கள், புரையேறும். கூழ் பதத்தில் கொடுங்கள், தலையைக் குனிந்து விழுங்கச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்னால். ஒரே பக்கமாகப் படுக்கப் போடாதீர்கள், இடுப்பில் புண் வந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அந்தத் தோள் தொங்குகிறது, இழுத்தால் கழன்றுவிடும். உங்கள் தோளை அவர் அக்குளில் கொடுத்துத் தூக்குங்கள்.

நான் வந்து கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்காமல் தூக்கிக்கொண்டு போனவர்கள் கொண்டுவந்து விடவேண்டும். அதுவரை பாருங்கள். குளிப்பாட்டுங்கள், கழுவிவிடுங்கள், துணியை அலசுங்கள். உங்கள் பிள்ளைதானே?

ஆனால் மேடை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் வருவேன். முன்வரிசையில் உட்கார அல்ல. மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி, இந்த மனுஷனிடம் அவர் பெயரைக் கேளுங்கள் என்று ஆயிரம் பேருக்கும் சொல்வேன். கடை வாசலில் உட்கார்ந்தால் வேடிக்கைப் பொருள் என்றீர்கள். மேடையில் நிறுத்தினால் மட்டும் அவர் என்னவாம்?

ஸ்டெல்லாமேரி

•

தூத்துக்குடி
27.7.1998

ஸ்டெல்லா,

நீ எழுதியதைக் கிழித்துப் போட்டேன். கிழிப்பதற்கு முன் படித்ததால் மறுநாள் விடியக்காலம் அவன் ஆரம்பித்ததும் எழுந்து டப்பாவை எடுத்தேன். மந்திரம் பாதியில் நின்றுவிட்டது. என் முகத்தை அப்படியே பார்த்தான். பிறகு சிரித்தான், ஒரு பக்க வாயால். இத்தனை நாள் நான் அவன் பக்கத்தில் முழங்கால் போட்டு... சரி, அதை விடு. அதை எழுத என்னால் ஆகாது.

தோள் வீங்கியிருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முன்பே ஆகிவிட்டது. டாக்டரிடம் காட்டிக் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். நீ வந்து பார்த்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் ஏசு. என் இடுப்பும் ஒடிந்துவிட்டது. அறுபது வயசைத் தாண்டினவள், ஆம்பிளை உடம்பைத் திருப்பிப் போட்டுக் கழுவ முடிகிறதா? இதை நீ நாலு மாசமாகத் தனியாகவா செய்தாய்? ஏன் என்னைக் கூப்பிடவில்லை? வீம்பு. உனக்கு எப்போதும் வீம்பு.

வெள்ளிக்கிழமை பிரதர் ஒத்திகைக்கு வந்தார். "தம்பி, மாதா உங்களுக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். மந்திரம் வந்தது. "உங்க பேரு என்ன?" மந்திரம். எனக்கு உன்மேல்தான் எரிச்சலாக வந்தது, நீ சொன்னது அப்படியே நடக்கிறதே என்று. பிரதர், "கேள்வி வேண்டாம்மா. நான் பேசிக்கிடுதேன். அவரு செபத்தை மட்டும் சொல்லட்டும், சனங்க அழுதுரும்" என்றார். ஆசீர்வாதம் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பீச்சாங்கையால் கழற்றி என் மடியில் போட்டான். எறியவில்லை, வைத்தான்.

"எந்திரிங்க பிரதர்" என்றேன். "எதுக்கும்மா?" என்றார். "எம் மாதா பேரைச் சொல்லிப் பொய் சொல்லுத சோலி இந்த வீட்டுல நடக்காது. எம் தம்பிக்கு இன்னும் பேச்சு வரல. வந்தா நானே வந்து சொல்லுதேன்" என்றேன். கூட்டத்தில் இப்போது என்னை விசுவாசம் இல்லாதவள் என்கிறார்களாம். இருபது வருஷமாக முதல் ஆளாகப் போய்ப் பாய் விரித்தவளைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் கோயிலுக்குப் போவேன், மாதாவிடம் நேராகப் பேசுவேன். அவர்கள் வழியாகப் பேச வேண்டியதில்லை.

அதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ளாதே. பேச்சே இல்லாத வாயில் செபத்தை மட்டும் விட்டுவைத்தது மாதாதான். உன் டாக்டர் வேறு விதமாகச் சொல்லட்டும்.

கடையை விற்றுவிட்டு நீயும் இங்கே வந்துவிடு. மூன்று பேரும் இருப்போம்.

வியாகுலம்

•

கோவில்பட்டி
1.8.98

மைனிக்கு,

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. காலையில் கட்டுகிறதற்கு நல்ல சேலையாக எடுத்து வைத்திருந்தேன், மேடை ஏறச் சண்டைக்கு. நேற்று உங்கள் கடிதம் வந்தது. அந்தச் சேலையைத் திரும்பவும் பெட்டியில் வைத்துவிட்டேன். பிரதரை எழுப்பி வெளியே அனுப்பினீர்களே, அந்த இடத்தை வெயிலம்மாள் அக்காவுக்கு ரெண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "உன் நாத்தனா சரியான ஆளுதான் ஏட்டி" என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னது.

தோள் விஷயம் படித்து எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

கடையை விற்க மாட்டேன். இப்போது நான் பஞ்சர் ஒட்டினால் நிற்கிறது, வீல் கோட்டம்கூட எடுக்கிறேன். பொம்பளை ஒட்டின பஞ்சர் என்று சொல்லித் திரும்பிப் போனவனெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இங்கேதான் வருகிறான். அவருக்கும் அங்கே கட்டிலில் என்ன இருக்கிறது, திரைச் சீலையைத் தவிர?

நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள், வந்து இருங்கள். ஆனால் நாலு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டால்தான். அவர் கடையில் உட்காருவார். ஜன்னல் திறந்திருக்கும். அவர் உடம்பைப் பற்றி எதுவானாலும் முதலில் அவரைக் கேட்க வேண்டும், தலையாட்டத் தெரியும். நாலாவது எனக்காக. மாதத்தில் ஒரு வாரம் நான் பசுவந்தனையில் என் தங்கச்சி ரூபி வீட்டுக்குப் போவேன். யார் செத்ததற்காகவும் இல்லை, யார் கல்யாணத்துக்காகவும் இல்லை. சும்மா போவேன். அந்த ஒரு வாரம் அவரை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் உதவிக்கு வந்திருப்பீர்களா, அதிகாரத்துக்கு வந்திருப்பீர்களா? உங்களுக்கே தெரியும். இப்போது கூப்பிடுகிறேன். வாருங்கள்.

ஸ்டெல்லாமேரி

•

கோவில்பட்டி
14.10.1998

ஸ்டெல்லா,

பசுவந்தனை பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிடைத்த உடனே கிளம்பி வா.

போன மாதம் நீ போனபோது நல்லபடியாக இருந்தான். இந்தத் தடவை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் இட்லியைத் தட்டிவிட்டான். கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் வந்தாலும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறான். நீ இறங்கவில்லை என்றதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

பஞ்சர் வேலையை நான் தொடவில்லை. நீ வந்து பார்த்துக்கொள். காற்று மட்டும் நானே அடித்துக் கொடுக்கிறேன். வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடிக்கிறேன், எல்லாம் என் தலையெழுத்து. நேற்று மழையில் கடை முன்னால் கரிசல் சகதி, நான் வழுக்கி விழப் பார்த்தேன். உன் புருஷன் சிரிக்கிறான்! சாப்பிட மாட்டானாம், சிரிக்க மட்டும் தெரிகிறதாம்.

பக்கத்து வீடுகளில் கேட்கிறார்கள், புருஷனை இந்த நிலைமையில் விட்டுவிட்டு மாசா மாசம் எங்கே போகிறாள் என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று பிடிவாதம் பிடிக்காதே. நாளைக்கே வந்துவிடு.

மைனி

•

பசுவந்தனை
15.10.98

மைனிக்கு,

கண்டக்டர் இறங்கி வந்து கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மழை நல்ல மழை. எங்கும் விதைப்பு நடக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அவர் சாப்பிடுவார். இட்லியைத் தட்டிவிட்டால் தட்டை எடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், பசித்தால் தொடையில் தட்டுவார். நாளை சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் இறங்கவில்லை என்றால் மட்டும் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு எனக்கு ஆளனுப்புங்கள், அந்த நிமிஷமே வருவேன். மற்றபடி அது என்மேல் உள்ள கோபம். படட்டும். சுவரைப் பார்த்துக் கிடந்தவர் கோபப்படுகிற அளவுக்கு வந்திருக்கிறாரே.

பக்கத்து வீடுகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். இங்கேயும் கேட்டார்கள். ரூபியின் மாமியார் நேற்று, "அந்த மனுசனை அங்கன போட்டுட்டு இங்கன வந்து படுத்துத் தூங்குதியே, உனக்கு எப்படித்தான் தூக்கம் வருது?" என்று கேட்டது. "நல்லா வருது அத்தை" என்றேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். தங்கச்சி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். வேறு காரணம் எதுவும் கட்டிச் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன் என்று அவரிடம் சொல்லி, அவர் தலையாட்டின பிறகுதான் கிளம்பினேன். அந்த பஸ்ஸில்தான் வருவேன். நாளைக்கு வர மாட்டேன், சனிக்கிழமையும் வர மாட்டேன்.

ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். போய்விடலாம் என்று சேலையை எல்லாம் பையில் திணித்து, செருப்பு மாட்டி வாசல் வரைக்கும் வந்தேன். பஸ்ஸும் வந்து நின்றது. ஏறவில்லை மைனி. உள்ளே வந்து பையை ஓரமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சாயங்காலம் வரை தூங்கினேன்.

ஸ்டெல்லாமேரி